மஸ்காராவின் ஷெய்கு மகன்: அமீர் அப்துல் காதரின் 15 ஆண்டுப் போர்

கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ தெருவில் நின்று "அப்துல் காதர்" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதர் ஜீலானியின் பெயர் அது. முஹ்யித்தீன் ஆண்டவர் என்றும் குத்பு நாயகம் என்றும் தமிழ் முஸ்லிம்கள் சொல்வது அவரைத்தான். அவர் பெயரால் வந்த காதிரிய்யா தரீக்கா (சூஃபி ஆன்மிக வழி) நம் கடற்கரை ஊர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே தரீக்காவின் ஒரு கிளை வட ஆப்பிரிக்காவில், அல்ஜீரியாவின் மேற்கே, மஸ்காரா நகரை ஒட்டிய கெத்னா என்ற ஊரில் இருந்தது. அங்கே ஷெய்காக, அதாவது ஆன்மிக குருவாக, இருந்தவர் பெயர் முஹ்யித்தீன். 1808-இல் பிறந்த அவருடைய மகனுக்கு அப்துல் காதர் என்று பெயர் வைத்தார்கள். 1832 முதல் 1847 வரை பிரான்சின் படைகளை எதிர்த்து நின்றவர் இந்த மகன்தான்.

சூஃபி என்றதும் நமக்கு உலகைத் துறந்த ஒரு ஃபக்கீர்தான் நினைவுக்கு வருகிறார். குணங்குடி மஸ்தானைப் படித்து வளர்ந்த மனம் அப்படித்தான் நினைக்கும். அப்படியானால் ஒரு ஷெய்கின் மகன், 14 வயதுக்குள் குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ், சூஃபி ஞானி இப்னு அரபியின் நூல்களில் ஊறியவர், எப்படிப் படைத்தலைவர் ஆனார்? ஏன் 15 ஆண்டுகள் தாக்குப்பிடித்தார், கடைசியில் ஏன் தோற்றார்? அவர் வாழ்க்கையைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எழுப்பிய அரசும் நடத்திய போரும் வாளைவிட அதிகமாக ஒரு வாக்கின் மேல்தான் நின்றன. சூஃபி மரபில் அந்த வாக்குக்குப் பெயர் பைஅத்: முரீது (சீடர்) தன் கையை ஷெய்கின் கையில் வைத்துக் கொடுக்கும் உறுதிமொழி.

கோதுமைக் கடனில் தொடங்கியது

அல்ஜியர்ஸ் அப்போது பெயருக்கு மட்டும் உதுமானியப் பேரரசின் மாகாணம். உண்மையில் 'தேய்' என்ற பட்டம் கொண்ட ஆளுநர்கள் தன்னாட்சியாகவே நடத்தினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரான்ஸ் வாங்கிய கோதுமைக்குப் பணம் பாக்கி. 1827-இல் அதைப் பற்றிய வாக்குவாதத்தில் தேய் ஹுசைன் பிரெஞ்சுத் தூதர் தெவாலை ஈ ஓட்டும் விசிறியால் தட்டிவிட்டார். அதை அவமானம் என்று சொல்லி பிரான்ஸ் துறைமுகத்தை முற்றுகையிட்டது. 1830 ஜூன் 14-இல் சீதி ஃபர்ரூஜ் கடற்கரையில் படை இறங்கியது. ஜூலை 5-இல் அல்ஜியர்ஸ் விழுந்தது. படையை அனுப்பிய பத்தாம் சார்ல் மன்னர் அதே மாதக் கடைசியில் பாரிஸ் புரட்சியில் பதவி இழந்தார். அனுப்பியவர் போனார், அனுப்பிய படை போகவில்லை.

தேய் போனதும் நாட்டின் உட்பகுதியில் ஆட்சி என்று ஒன்று இல்லாமல் போனது. வரி வாங்குபவரும் இல்லை, வழக்குத் தீர்ப்பவரும் இல்லை. வழிப்பறி பெருகியது. 1831-இல் ஓரான் துறைமுகமும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போக, உள்நாட்டுத் தானியத்தைக் கொண்டுபோய் விற்க வழியில்லை. மொராக்கோ சுல்தான் கொஞ்ச காலம் தலையிட்டுப் பார்த்தார். பிரான்ஸ் மிரட்டியதும் பின்வாங்கினார்.

அந்த வெற்றிடத்தில் மிச்சம் இருந்தது ஸாவியா. நம் ஊர்த் தைக்காவோடு ஒப்பிடலாம், ஆனால் அது இன்னும் பெரியது. பிள்ளைகள் ஓதும் பள்ளி, வழிப்போக்கர் தங்கும் இடம், பஞ்ச காலத்தில் தானியம் கிடைக்கும் இடம், இரண்டு கபீலாக்களுக்கு (குலங்களுக்கு) இடையே சண்டை வந்தால் சமாதானம் பேசும் இடம், எல்லாமே அதுதான். ஷெய்கு முஹ்யித்தீனின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது அதனால்தான். 1832-இல் கபீலாத் தலைவர்கள் அவரிடம் வந்து தலைமை ஏற்கச் சொன்னார்கள். ஓரான் மீது சில தாக்குதல்களை அவரே முன்னின்று நடத்தினார். ஆனால் நிரந்தரத் தலைமைக்குத் தனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி மகனைக் காட்டினார்.

மகனுக்கு அப்போது 24 வயது. சில ஆண்டுகளுக்கு முன் தந்தையோடு ஹஜ்ஜுக்குப் போனவர். போகும் வழியில் எகிப்தில் அதன் ஆட்சியாளர் முஹம்மது அலி நவீனப் படையும் தொழிற்சாலைகளும் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். டமாஸ்கஸில் நக்‌ஷபந்தி ஷெய்கு காலிதைச் சந்தித்தார். பாக்தாதில் ஜீலானியின் தர்காவில் ஸியாரத் செய்தார். இந்தப் பயணம் அவருக்கு இரண்டையும் கொடுத்தது என்று நினைக்கிறேன்: தரீக்காவின் ஆழம் ஒரு பக்கம், ஒரு நாடு எப்படிக் கட்டப்படுகிறது என்ற கண்கூடான பாடம் இன்னொரு பக்கம்.

1832 நவம்பரில் மஸ்காராவை அடுத்த கிரீஸ் சமவெளியில், 'தர்தாரா' என்று அந்த மக்கள் சொல்லும் பெரிய மரத்தடியில், தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்து பைஅத் செய்தார்கள். ஹுதைபியாவில் நபித்தோழர்கள் மரத்தடியில் கொடுத்த உறுதிமொழி அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. மரம் தற்செயலான தேர்வு அல்ல. சுல்தான் என்ற பட்டம் வேண்டாம் என்றார். 'அமீருல் முஃமினீன்' (நம்பிக்கையாளர்களின் தலைவர்) என்பதை ஏற்றார். மொராக்கோ சுல்தானைப் புண்படுத்தக் கூடாது என்ற கவனமும் அதில் இருந்தது.

கூடாரத்தில் ஓர் அரசு

இவரைக் கிளர்ச்சிக்காரர் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிக் கதை போய்விடும். அவர் கட்டியது அரசு. கட்டுப்பாட்டுக்குள் வந்த நிலப்பரப்பை எட்டு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கலீஃபாவை, அதாவது தன் பிரதிநிதியை, வைத்தார். மிலியானாவுக்கு பின் அல்லால், மெதியாவுக்கு பர்கானி, தில்மிசானுக்கு பூ ஹமீதி, மஸ்காராவுக்கு மைத்துனர் முஸ்தஃபா பின் தாமி. அவர்களுக்குக் கீழே ஆகா, காயிது என்று அதிகாரிகள். காழிகளுக்கு (நீதிபதிகளுக்கு) சம்பளம் கொடுத்தார். உதுமானியர் காலத்தில் 'மக்ஸன்' என்ற சலுகை பெற்ற கபீலாக்கள் வரி கட்டாமல், மற்றவர்களிடம் வரி வசூலித்து வாழ்ந்தார்கள். அமீர் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, ஷரீஅத் சொல்லும் ஜகாத்தையும், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான உஷ்ரையும் எல்லோருக்கும் பொதுவாக வைத்தார். போர்க்காலத்தில் மட்டும் 'மஊனா' என்ற கூடுதல் வரி. சாதாரணக் குடியானவர்கள் அவர் பின்னால் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். சலுகை இழந்த துவாயிர், ஸ்மேலா கபீலாக்கள் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்ததற்கும் இதுவே காரணம்.

முறையான சம்பளப் படையாகச் சுமார் 8,000 காலாட்களும் 2,000 குதிரை வீரர்களும் இருந்தார்கள். தேவைப்படும்போது கபீலாக்களின் குதிரைப்படை கூடச் சேரும். தில்மிசானில் பீரங்கி வார்த்தார்கள், மிலியானாவில் துப்பாக்கி செய்தார்கள். கடற்கரையை பிரெஞ்சுப் பீரங்கி எட்டும் என்பதால் சற்று உள்ளே தள்ளி, சப்தூ, சயீதா, தக்தெம்ப்த், தாஸா, போகார் என்று கோட்டை ஊர்களை ஒரு வரிசையாக எழுப்பினார். தக்தெம்ப்தில் சொந்த நாணயம் அச்சடித்தார். அதே ஊரில் ஒரு பெரிய நூலகம் கட்டுவது அவர் கனவு. கையெழுத்துப் பிரதிகள் எங்கே கிடைத்தாலும் சேர்த்தார்.

இதெல்லாம் எல்லோரும் மனமொப்பி வந்ததால் நடந்தது என்று சொன்னால் அது பொய். 1838-இல் பாலைவன விளிம்பில் உள்ள அய்ன் மாழி என்ற ஊரை அமீர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். அங்கே இருந்தவர் திஜானிய்யா தரீக்காவின் ஷெய்கு. அவர் தன் தனித்தன்மையை விட்டுக்கொடுக்க மறுத்தார். ஆண்டுக் கடைசியில் ஊர் பணிந்தது, மதில்களை இடித்தார்கள். ஒரு சூஃபித் தலைவர் இன்னொரு சூஃபித் தலைவரின் ஊரை இடித்த இந்தச் சம்பவம் அமீரின் வாழ்க்கையில் எனக்கு நெருடும் இடம். பிரான்சோடு சமாதானம் இருந்த அந்த ஆண்டில் படையும் பீரங்கியும் காலமும் அங்கே கரைந்தன. அதற்குப் பின் திஜானிகளின் அந்தக் கிளை பிரான்சை எதிர்த்து அவரோடு நிற்கவே இல்லை. தரீக்காக்கள் எல்லாம் ஒரே அணியில் நின்று காலனி ஆட்சியை எதிர்த்தன என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் அய்ன் மாழியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொண்டவர்களை, வரி கட்ட மறுப்பவர்களை என்ன செய்யலாம் என்று அவர் மொராக்கோவின் ஃபாஸ் நகரத்து உலமாக்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) எழுதிக் கேட்டார். அலீ அத்-தஸூலி என்ற அறிஞர் நீண்ட பதில் எழுதினார். கையில் படை இருந்தும் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்டவர். ஜிஹாத் என்ற சொல்லை அவர் தயங்காமல் பயன்படுத்தினார்; ஆனால் அதை யார் அறிவிக்கலாம், எப்போது நிறுத்தலாம், கைதியை என்ன செய்யலாம் என்ற சட்டங்களோடு சேர்த்தே பயன்படுத்தினார்.

இரண்டு மொழி, இரண்டு ஒப்பந்தம்

அமீரும் பிரான்சும் இரண்டு முறை ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டு முறையும் அரபுப் பிரதியும் பிரெஞ்சுப் பிரதியும் வேறு வேறாக இருந்தன.

முதலாவது 1834 பிப்ரவரியில், ஓரானின் தளபதி தெமிஷெலோடு. அமீர் தன் நிபந்தனைகளைத் தனித்தாளில் எழுதித் தளபதியின் முத்திரையை வாங்கிக்கொண்டார். ஆயுதம் வாங்கும் உரிமையும் அர்ஸேவ் துறைமுகத்தின் தானிய வணிகமும் அதில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. தளபதி அந்தத் தாளைப் பற்றி பாரிஸுக்குச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் அவரை மாற்றினார்கள். அடுத்து வந்த திரெஸெல் துவாயிர், ஸ்மேலா கபீலாக்களைப் பிரெஞ்சுப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். அமீர் எதிர்க்க, 1835 ஜூன் 28-இல் மக்தா சதுப்பு நிலத்தில் திரெஸெலின் படை சிக்கியது. பிரெஞ்சுத் தரப்பில் 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பழிவாங்க வந்த குளோஸெல் அதே ஆண்டு டிசம்பரில் மஸ்காராவுக்குள் நுழைந்து அதை எரித்தார். மறு ஆண்டு ஜூலையில் சிக்காக் ஆற்றங்கரையில் அமீரின் படையை நேருக்கு நேர் தோற்கடித்தவர் புஜோ. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது ஒப்பந்தம் அந்த புஜோவோடுதான்: 1837 மே 30, தஃப்னா. கிழக்கே கான்ஸ்டன்டைனைப் பிடிக்க பிரான்ஸுக்கு மேற்கில் அமைதி வேண்டும். அமீருக்கு அரசு கட்ட அவகாசம் வேண்டும். அல்ஜீரியாவின் பெரும்பகுதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அமீரின் ஆட்சிக்கு விடப்பட்டது. முதல் பிரிவிலேயே சிக்கல். பிரெஞ்சுப் பிரதியில் அமீர் பிரான்சின் இறையாண்மையை 'ஏற்கிறார்'. அரபுப் பிரதியிலோ 'யஃரிஃபு' என்று இருந்தது. பிரெஞ்சு சுல்தானின் ஆட்சி இருக்கிறது என்பதை அவர் 'அறிவார்' என்றுதான் அதற்குப் பொருள். எல்லை பற்றிய பிரிவில் கத்தாரா ஆறும் 'அதற்கு அப்பாலும்' பிரான்ஸுக்கு என்று எழுதியிருந்தது. எவ்வளவு தூரம் அப்பால்? அமீர் அதை ஒரு சிறு விளிம்பு என்று புரிந்துகொண்டார். பிரான்ஸ் கான்ஸ்டன்டைன் வரைக்கும் என்று புரிந்துகொண்டது.

ஒப்பந்தத்தை ஒட்டி இருவரும் நேரில் சந்தித்தார்கள். பேச்சு முடிந்து புஜோ எழுந்தபோது அமீர் தரையிலேயே அமர்ந்திருந்தார். பிரான்சின் தளபதி நிற்கும்போது இவர் உட்கார்ந்திருப்பதா என்று புஜோ அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். ஒருவர் கையை இன்னொருவர் பிடிப்பது அங்கே ஐந்தாண்டுகளுக்கு முன் மரத்தடியில் நடந்த பைஅத்தின் அடையாளம். புஜோவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1839 அக்டோபரில் ஆளுநர் வலேயும் பட்டத்து இளவரசர் ஓர்லெயான் பிரபுவும் கான்ஸ்டன்டைனிலிருந்து 'இரும்புக் கதவுகள்' என்ற கணவாய் வழியாக அல்ஜியர்ஸ் வரை படையோடு நடந்து வந்தார்கள். அது தன் நிலம் என்று அமீர் கருதியிருந்த பகுதி. ஒப்பந்தம் முறிந்தது என்று வலேக்கு முறைப்படி கடிதம் எழுதினார். நவம்பரில் அவர் படைகள் மித்தீஜா சமவெளியின் குடியேற்றப் பண்ணைகள் மீது பாய்ந்தன. குடியேறிய பலர் கொல்லப்பட்டார்கள். அதன் பின் பாரிஸில் சமாதானம் பேச ஆளில்லை.

களஞ்சியத்தின் மேல் தொடுத்த போர்

1841-இல் புஜோ ஆளுநராக வந்தார். முன்பு அல்ஜீரியாவே பிரான்ஸுக்கு வேண்டாத சுமை என்று பேசியவர், இப்போது முழுவதையும் பிடிக்க வேண்டும் என்றார். நெப்போலியன் காலத்தில் ஸ்பெயினில் கொரில்லாக்களோடு சண்டை போட்டவர் அவர். கனமான பீரங்கிகளையும் வண்டிகளையும் விட்டுவிட்டு, கோவேறு கழுதையில் பாரம் ஏற்றி, வேகமாக நகரும் சிறு படைப்பிரிவுகளை உருவாக்கினார். படையின் எண்ணிக்கை 1846-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அமீரின் படையைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் வயல் ஓடாது, மண்ணுக்குள் தோண்டிய தானியக் குழி ஓடாது, பழமரம் ஓடாது. புஜோ இவற்றைக் குறிவைத்தார். கபீலாக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட திடீர்க் கொள்ளைக்கு 'கஸ்வா' என்று பெயர். பிரெஞ்சுப் படை அந்தச் சொல்லையே எடுத்து, 'ராஸியா' என்று சொல்லி அதை ஆட்சி முறையாக்கியது. அறுப்பு நேரத்தில் போய் விளைச்சலை எரிப்பார்கள். ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஒலிவ, அத்தி மரங்களை வெட்டுவார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பிணையாகப் பிடிப்பார்கள். ஒரு குடியானவன் அமீருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அவன் பிள்ளைகளுக்குச் சோறு இருக்காது. இந்த நிலையில் அவர்கள் ஒவ்வொருவராக விலகியதை நான் துரோகம் என்று சொல்ல மாட்டேன். பைஅத் என்பது இரு பக்கக் கடமை. பாதுகாப்புத் தர முடியாத தலைவரிடம் மக்கள் எத்தனை அறுவடை காத்திருப்பார்கள்?

1841-இல் தக்தெம்ப்தும் மஸ்காராவும் போயின. கோட்டை வரிசையின் மற்ற ஊர்களும் அடுத்தடுத்து விழுந்தன. ஊர் இல்லாமல் போனதும் அமீர் தலைநகரையே கூடாரங்களில் ஏற்றினார். அதற்குப் பெயர் ஸமாலா. வட்டம் வட்டமாகக் கூடாரங்கள். நடுவில் அமீரின் குடும்பம். சுற்றிலும் கொல்லர், தையற்காரர், ஓதும் பிள்ளைகள், சந்தை, ஆட்டு மந்தை, புத்தகப் பெட்டிகள். பல்லாயிரம் பேர் நகர்ந்து நகர்ந்து வாழ்ந்த ஊர். 1843 மே 16-இல், அமீர் வேறொரு படையைக் கண்காணிக்கப் போயிருந்த நேரத்தில், தாகீன் நீரூற்றருகே பிரெஞ்சு அரசர் லூயி ஃபிலிப்பின் மகன், 21 வயது ஓமால் பிரபு, சில நூறு குதிரை வீரர்களோடு அதன் மேல் விழுந்தார். சுமார் 3,000 பேர் சிறைப்பட்டார்கள். அமீரின் தாயும் மனைவியும் தப்பினார்கள். புத்தகங்கள் தப்பவில்லை; தக்தெம்ப்த் நூலகத்துக்கென்று சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் கிழிந்து பாலைவெளியில் சிதறின. இந்த வெற்றியை ஓராஸ் வெர்னே 21 மீட்டருக்கும் நீளமான ஓவியமாகத் தீட்டினார். அது வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் மிலியானாவின் பின் அல்லால் போரில் இறந்தார். அவர் தலையை வெட்டி எடுத்துப் போனார்கள்.

அமீர் மொராக்கோவுக்குள் ஒதுங்கினார். 1844 ஆகஸ்ட் 14-இல் இஸ்லியில் புஜோ மொராக்கோ படையைத் தோற்கடித்ததும் சுல்தான் பணிந்தார். அடுத்த மாதம் தான்ஜியரில் கையெழுத்தான ஒப்பந்தம் அமீரை இரு நாடுகளிலும் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆக்கியது.

1845 ஜூனில் தஹ்ரா மலையில் நடந்ததைச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. பூ மாஸா என்ற இளம் துறவியின் கிளர்ச்சி அங்கே பரவியிருந்தது. அவ்லாத் ரியாஹ் மக்கள் கர்னல் பெலிஸியேயின் படைக்குப் பயந்து, பெண்கள் பிள்ளைகள் ஆடுமாடுகளோடு குகைகளுக்குள் போனார்கள். பெலிஸியே குகை வாயில்களில் விறகு அடுக்கித் தீ வைத்தார். இரவு முழுக்கப் புகை உள்ளே போனது. 500-க்கும் மேற்பட்டவர்கள், சில கணக்குகளில் அதைவிட மிக அதிகம், மூச்சுத் திணறி இறந்தார்கள். பாரிஸ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. புஜோ தன் கர்னலைக் காப்பாற்றினார். பெலிஸியே பின்னாளில் பிரான்சின் மார்ஷல் ஆனார், அல்ஜீரியாவின் ஆளுநரும் ஆனார்.

கைதிகள்

இதே போரில் அமீர் பிறப்பித்திருந்த ஓர் ஆணையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். எதிரியின் தலையைக் கொண்டுவந்தால் பரிசு என்பது அந்த நிலத்தில் பழைய வழக்கம். அமீர் அதை மாற்றினார். கைதியை உயிரோடு, காயமில்லாமல் கொண்டுவந்தால்தான் பரிசு. கொண்டுவந்தவர் நடத்திய விதம் பற்றிக் கைதியிடமே விசாரணை. பெண் கைதிகளைத் தன் தாய் லல்லா ஸொஹ்ராவின் கூடாரத்தில் விட்டார். 1841-இல் அல்ஜியர்ஸின் கத்தோலிக்க ஆயர் துய்ப்புஷ் ஒரு கைதியை விடுவிக்கக் கேட்டு எழுதினார். அமீரின் பதிலின் சாரம் இது: ஒருவரை மட்டும் ஏன் கேட்கிறீர்கள், எல்லாக் கிறிஸ்தவக் கைதிகளையும் கேட்டிருக்கலாமே; உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்கும் அதே இரக்கத்தைக் காட்டுங்கள். அந்தக் கடிதத்தின் விளைவாகப் பெரிய கைதிப் பரிமாற்றம் நடந்தது. உணவு இல்லாத சமயங்களில் பரிமாற்றம் ஏதும் கேட்காமலே கைதிகளை விட்டதும் உண்டு.

அதனால்தான் 1846 ஏப்ரலில் நடந்தது இன்னும் கனமாக விழுகிறது. முந்தைய செப்டம்பரில் சீதி இப்ராஹீமில் ஒரு பிரெஞ்சுப் படைப்பிரிவை அமீர் ஏறக்குறைய முழுதாக அழித்திருந்தார். அங்கும் பிற இடங்களிலும் பிடிபட்ட கைதிகள் மொராக்கோவில் முலூயா ஆற்றங்கரை முகாமில் இருந்தார்கள். அமீர் தொலைவில் அல்ஜீரியாவுக்குள் போரில். முகாமுக்குப் பொறுப்பு மைத்துனர் பின் தாமி. உணவு இல்லை, மொராக்கோ படை வந்துவிடும் என்ற பயம். சில அதிகாரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றக் கைதிகளை ஓர் இரவில் கொன்றார்கள். உத்தரவு யாருடையது என்பது இன்றும் வாதத்துக்குரியது. அமீர் தான் சொல்லவில்லை என்றார். அவரை நேசிக்கிற பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அப்படி நிறுத்த மனம் வரவில்லை. அந்தக் கைதிகள் இருந்தது அவருடைய முகாமில், அவருடைய பாதுகாப்பில்.

மழையில் ஒரு வெற்றுத்தாள்

1847 டிசம்பரில் மொராக்கோ சுல்தானின் படையே அவரைத் தாக்கியது. குடும்பங்களோடும் காயம்பட்டவர்களோடும் முலூயா ஆற்றைத் தாண்டி அல்ஜீரியாவுக்குள் வந்தார். முன்னால் தளபதி லமோரிசியேரின் பிரெஞ்சுப் படை. நல்ல குதிரைகளை எடுத்துக்கொண்டு சிலரோடு தெற்கே பாலைவனத்துக்குத் தப்பியிருக்கலாம். அப்படியானால் பெண்களும் முதியவர்களும் பிடிபடுவார்கள். தோழர்களோடு ஆலோசித்துச் சரணடைய முடிவு செய்தார்.

அன்றிரவு கொட்டும் மழை. எழுத முடியவில்லை. ஒரு வெற்றுத்தாளில் தன் முத்திரையை மட்டும் பதித்து, நிபந்தனையை வாய்மொழியாகச் சொல்லி ஆள் அனுப்பினார்: குடும்பத்தோடும் வர விரும்பும் தோழர்களோடும் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கோ பாலஸ்தீனத்தின் அக்கா நகருக்கோ போக விட வேண்டும். லமோரிசியேராலும் மழையில் எழுத முடியவில்லை. அவர் ஒப்புதலுக்கு அடையாளமாகத் தன் வாளை அனுப்பினார். பின்னர் எழுத்திலும் உறுதி கொடுத்தார். டிசம்பர் 23-இல் ஆளுநராக இருந்த அதே ஓமால் பிரபுவிடம் அமீர் சரணடைந்தார். பிரபுவும் அந்த வாக்கை உறுதிப்படுத்தினார். அமீர் தன் கடைசிக் குதிரையை அவருக்குக் கொடுத்தார்.

கப்பல் அலெக்சாந்திரியாவுக்குப் போகவில்லை; தூலோனுக்குப் போனது. கோட்டைச் சிறை. இரண்டு மாதத்தில் பாரிஸில் மீண்டும் புரட்சி. அரசர் போனார், ஓமால் பிரபுவும் நாட்டைவிட்டு வெளியேறினார். புதிய குடியரசு, முந்தைய ஆட்சியின் வாக்கு தன்னைக் கட்டாது என்றது. அந்த ஆண்டில் சில மாதங்கள் போர் அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? வாக்குக் கொடுத்த லமோரிசியேரேதான். அவரும் விடுவிக்கவில்லை. தூலோனிலிருந்து 'போ' (Pau) என்ற நகரம், அங்கிருந்து 1848 நவம்பரில் லுவார் ஆற்றங்கரையில் ஆம்புவாஸ் அரண்மனை. வாக்கை மறந்துவிட்டு பிரான்சிலேயே வசதியாகத் தங்கலாம் என்று ஆசை காட்டினார்கள். அமீர் கேட்டது ஒன்றே ஒன்று, கொடுத்த சொல்லை நிறைவேற்றுங்கள். குளிரும் நோயும் பழக்கமில்லாத பாலைவன மக்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. அவர் குடும்பத்தினரும் தோழர்களுமாக 25 பேர் அரண்மனைத் தோட்டத்தில் அடங்கினார்கள்.

1852 அக்டோபர் 16-இல் பிரான்சின் அதிபர் லூயி நெப்போலியன் நேரில் ஆம்புவாஸுக்கு வந்து விடுதலையை அறிவித்தார். அல்ஜீரியாவில் இனி பிரான்சுக்கு எதிராக எழ மாட்டேன் என்று அமீர் வாக்குக் கொடுத்தார். அவர் அதைக் கடைசிவரை காத்தார். 1871-இல் அல்ஜீரியாவில் பெரும் கிளர்ச்சி வெடித்து, அவருடைய சொந்த மகனே அதில் சேரப் போனபோதும் தந்தை அந்தப் பக்கம் நிற்கவில்லை, மகனைக் கண்டித்தார். அல்ஜீரியர்கள் சிலர் இதை இன்றும் மன்னிப்பதில்லை. அவர்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. வாக்கை மீறிய அரசிடம் கொடுத்த வாக்கை ஏன் காக்க வேண்டும் என்று கேட்கலாம்தான். அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், வேறு மாதிரி செய்திருக்க அவரால் முடிந்திருக்காது என்றே தோன்றுகிறது.

டமாஸ்கஸ்

துருக்கியின் புர்சாவில் சில ஆண்டுகள், அங்கே நிலநடுக்கம், அப்புறம் 1855-இல் டமாஸ்கஸ். உமையா பெரிய பள்ளியில் பாடம் நடத்தினார். அவரைத் தேடி வந்து குடியேறிய அல்ஜீரியர்கள் நகரில் இருந்தார்கள்.

1860 ஜூலை 9-இல் டமாஸ்கஸின் கிறிஸ்தவத் தெருக்கள் தாக்கப்பட்டன. லெபனான் மலையில் த்ரூஸ் சமயத்தவருக்கும் மரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த சண்டையின் தொடர்ச்சி அது. உதுமானிய ஆளுநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 52 வயது அமீர் தன் அல்ஜீரியப் பழைய வீரர்களோடு தெருவில் இறங்கி, கிடைத்தவர்களை எல்லாம் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். துறவியர், பிள்ளைகள், பல நாட்டுத் தூதர்கள். வீடு நிரம்பியதும் ஆயுதக் காவலோடு கோட்டைக்குள் அனுப்பினார். கிறிஸ்தவரை உயிரோடு கொண்டுவருபவருக்குப் பணம் என்று அறிவித்தார். பாலைவனத்தில் போட்ட அதே ஆணை. கும்பல் வாசலுக்கு வந்து அவர்களை ஒப்படைக்கச் சொன்னபோது மறுத்து நின்றார். பல ஆயிரம் பேர் பிழைத்தார்கள்.

பிரான்ஸ் தன் உயர்ந்த விருதைக் கொடுத்தது. லிங்கன் ஒரு ஜோடி கைத்துப்பாக்கிகள் அனுப்பினார். ரஷ்யாவில் கைதியாக இருந்த இன்னொரு சூஃபிப் போராளி, காகசஸின் இமாம் ஷாமில், பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆயர் ஒருவர் நன்றி சொன்னபோது, ஷரீஅத்தும் மனித உரிமையும் கடமையாக்கியதைத்தான் செய்தேன் என்று பதில் எழுதினார். முஸ்லிம் ஆட்சியில் வாழும் கிறிஸ்தவருக்கு அளிக்கப்படும் பாதுகாப்புக்கு 'திம்மா' என்று பெயர். அதுவும் ஒரு வாக்குத்தான்.

அதற்குப் பின் போரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. 1863-இல் மக்காவில் முஹம்மது அல்-ஃபாஸி என்ற ஷாதுலி தரீக்காவின் ஷெய்கிடம் முரீதானார். ஒரு காலத்தில் கபீலாக்கள் பைஅத் செய்த கை, இப்போது இன்னொருவர் கையில். இப்னு அரபியின் 'ஃபுதூஹாத்' நூலைச் சரியான பாடத்தோடு அச்சிட வேண்டும் என்று, இப்னு அரபி தன் கையால் எழுதிய பிரதி இருந்த கோனியாவுக்குத் தன் செலவில் அறிஞர்களை அனுப்பினார். தன் சொந்த ஆன்மிகக் குறிப்புகளை 'மவாகிஃப்' என்ற பெரும் நூலாக விட்டுச் சென்றார். 1883 மே மாதம் இறந்தபோது இப்னு அரபியின் கப்ருக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கினார்கள்.

விடுதலை பெற்ற அல்ஜீரியா 1966-இல் அவர் உடலை டமாஸ்கஸிலிருந்து அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோய் மறு அடக்கம் செய்தது. ஆம்புவாஸ் தோட்டத்தில் இருந்தவர்களை யாரும் எடுத்துப் போகவில்லை. 2005-இல் ஓர் அல்ஜீரியக் கலைஞர் அவர்களுக்காக 25 கற்களை அங்கே நட்டார்.